வட்டி குறைந்தது, விலை ஏறியது: தில்லியில் வீடு வாங்குவோரின் கணக்கு

புதுதில்லி: ரிசர்வ் வங்கியின் நிதிக் கொள்கைக் குழு 2025 டிசம்பர் 5 அன்று ரெப்போ வட்டி விகிதத்தை 0.25 சதவீதம் குறைத்து 5.25 சதவீதமாக நிர்ணயித்தது. பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் தலா 0.25 சதவீதம், ஜூனில் 0.50 சதவீதம் என முன்னரே அறிவிக்கப்பட்ட குறைப்புகளையும் சேர்த்தால், ஆண்டின் தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ பத்தே மாதங்களில் 1.25 சதவீதம் இறங்கியிருக்கிறது. சஞ்சய் மல்ஹோத்ரா 2024 டிசம்பரில் ஆளுநர் பொறுப்பேற்ற பின்னர் எடுக்கப்பட்ட முடிவுகள் இவை. அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதமாக, 2012ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில் அதுவரை காணாத அளவுக்குச் சரிந்திருந்ததால், டிசம்பர் முடிவு பெரிய வியப்பை ஏற்படுத்தவில்லை.

வீட்டுக் கடன் வாங்கியோருக்கும் வாங்கக் காத்திருப்போருக்கும் இது நற்செய்தியாகவே சொல்லப்பட்டது. செய்தி நல்லதுதான். ஆனால் யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று கேட்கத் தொடங்கினால் விடை அவ்வளவு எளிதாக இல்லை. தலைநகர் வட்டாரத்தில் அது மேலும் சிக்கலாகிறது.

ரூ.50 லட்சம் கடன், 20 ஆண்டுத் தவணைக் காலம் என்று கொள்வோம். ரெப்போவுக்கு மேல் வங்கி 2.25 சதவீதம் கூட்டி வசூலிப்பதாக வைத்துக்கொண்டால், 2025 ஜனவரியில் வட்டி 8.75 சதவீதம், மாதத் தவணை ரூ.44,186. இப்போது வட்டி 7.50 சதவீதம், தவணை ரூ.40,280. மாதத்துக்கு ஏறத்தாழ ரூ.3,900 மிச்சமாகிறது. நடுத்தரக் குடும்பத்துக்கு இது ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் கணிசமான பங்கு.

ஆனால் அதே வீட்டின் விலை இதற்கிடையே 10 சதவீதம் ஏறியிருந்தால், தேவைப்படும் கடன் ரூ.55 லட்சமாகிறது. 7.50 சதவீத வட்டியில் அதற்கான தவணை ரூ.44,308. அதாவது, ஓராண்டில் நான்கு முறை குறைக்கப்பட்ட வட்டியின் முழுப் பயனையும் விழுங்க, விலை 10 சதவீதம்கூட ஏற வேண்டியதில்லை, 9.7 சதவீதமே போதும்.

தவணையைக் காட்டிலும் கைப்பணக் கணக்கு கடுமையானது. ரிசர்வ் வங்கி விதிகளின்படி ரூ.30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையும், ரூ.30 லட்சத்துக்கு மேல் ரூ.75 லட்சம் வரை 80 சதவீதம் வரையும், அதற்கு மேல் 75 சதவீதம் வரையும் மட்டுமே வங்கி கடன் தர முடியும். ரூ.50 லட்சம் கடன் பெற்று வாங்கக்கூடிய ரூ.62.5 லட்சம் வீட்டுக்கு ரூ.12.5 லட்சத்தை வாங்குபவரே புரட்ட வேண்டும். விலை 10 சதவீதம் ஏறினால் அது ரூ.13.75 லட்சமாகும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பொதுவாக இந்தக் கடன் வரம்புக்குள் சேர்வதில்லை. தமிழ்நாட்டில் இவை இரண்டும் சேர்ந்து 9 சதவீதம் என்பதால், அங்கு இதே வீட்டுக்கு அந்த வகையில் மட்டும் ரூ.5.6 லட்சம் தேவைப்படும் இடத்தில் ரூ.6.2 லட்சம் தேவைப்படும். ரெப்போ எவ்வளவு குறைந்தாலும் இந்தத் தொகையில் ஒரு ரூபாயும் குறையாது.

ஆகவே, வட்டிக் குறைப்பால் வீடு எட்டியதா என்பதை அறிய, விலை எவ்வளவு ஏறியது என்பது தெரிந்தாக வேண்டும். இந்தியாவில் சிக்கல் தொடங்குவது இங்குதான்.

எந்த விலை உண்மை விலை?

அமெரிக்காவில் கேஸ்-ஷில்லர் குறியீடு மாதந்தோறும் வெளியாகிறது. பிரிட்டனில் அரசுப் புள்ளியியல் அலுவலகமும், நேஷன்வைடு, ஹாலிஃபாக்ஸ் ஆகிய கடன் நிறுவனங்களின் குறியீடுகளும் மாதந்தோறும் வீட்டு விலையைச் சொல்கின்றன. இந்தியாவில் வட்டி முடிவு இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை. வீட்டு விலைக் குறியீடோ மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, அதுவும் காலாண்டு முடிந்து பல வாரங்கள் கழித்தே வருகிறது. வட்டி குறைந்த மாதத்தில் விலை என்ன ஆனது என்பதை வாங்குபவர் அறியும்போது, அடுத்த வட்டி முடிவு பெரும்பாலும் வந்துவிட்டிருக்கும்.

அதிகாரப்பூர்வக் குறியீடுகள் இரண்டு உள்ளன. ஒன்று ரிசர்வ் வங்கியுடையது. பதிவுத் துறைகளிடமிருந்து பெறும் பத்திரப் பதிவு விவரங்களை அடிப்படையாகக் கொண்டது. 2010-11ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, லக்னோ, அகமதாபாத், ஜெய்ப்பூர், கான்பூர், கொச்சி ஆகிய 10 நகரங்களுக்குக் கணக்கிடப்பட்டு வந்தது. 2025இல் அடிப்படை ஆண்டு 2022-23 என மாற்றப்பட்டு, நகரங்களின் எண்ணிக்கை 18 ஆக உயர்த்தப்பட்டது. மற்றொன்று, தில்லி லோதி சாலையில் தலைமையகம் கொண்ட தேசிய வீட்டுவசதி வங்கி 2007 முதல் வெளியிட்டுவரும் ரெசிடெக்ஸ். இது 50 நகரங்களுக்கு இரு வகையாகக் கணக்கிடப்படுகிறது: கடன் தரும் நிறுவனங்கள் செய்த மதிப்பீட்டின்படி ஒன்று, கட்டுமானத்தில் உள்ள வீடுகளின் சந்தை விலைப்படி மற்றொன்று.

ரிசர்வ் வங்கியின் பழைய வரிசைப்படி 2024 அக்டோபர்-டிசம்பர் காலாண்டில் நாடு தழுவிய வீட்டு விலை ஆண்டுக்கு 3.1 சதவீதமே உயர்ந்திருந்தது. அதே மாதங்களில் சில்லறைப் பணவீக்கம் 5 சதவீதத்துக்கு மேல் இருந்தது. அப்படியானால், பணவீக்கத்தைக் கழித்துப் பார்க்கையில் வீட்டின் உண்மை விலை இறங்கியிருக்கிறது என்றே பொருள். அந்த ஆண்டில் நொய்டாவிலோ குருகிராமிலோ வீடு தேடி அலைந்த எவரிடமும் இதைச் சொன்னால் நம்பமாட்டார். தனியார் ஆலோசனை நிறுவனங்களின் அறிக்கைகளோ, அதே காலத்தில் நாட்டின் பெருநகரங்களிலேயே தலைநகர் வட்டாரத்தில்தான் விலை மிக வேகமாக ஏறியதாகக் கூறின.

இரண்டில் ஒன்று பொய் என்று முடிவு கட்டத் தேவையில்லை. இரண்டும் வெவ்வேறு பொருளை அளக்கின்றன. தனியார் அறிக்கைகள் பெரும்பாலும் கட்டுமான நிறுவனங்கள் புதிதாக அறிவிக்கும் திட்டங்களின் கேட்பு விலையைச் சார்ந்தவை. நிறுவனங்கள் சிறு வீடுகளை விட்டுவிட்டுச் சொகுசு வீடுகளை அதிகமாகக் கட்டத் தொடங்கினால், பழைய வீடு எதன் விலையும் மாறாமலே சராசரி ஏறிவிடும். குருகிராமில் நடந்ததில் ஒரு பகுதி இதுவே. 2024 ஜனவரியில் டிஎல்எஃப் நிறுவனம் அங்கு அறிவித்த ஒரே திட்டத்தில் 1,113 வீடுகள் மூன்றே நாள்களில் சுமார் ரூ.7,200 கோடிக்கு விற்றுத் தீர்ந்தன. ஒரு வீட்டின் சராசரி விலை ரூ.6 கோடிக்கும் மேல். இத்தகைய வீட்டை வாங்குபவரின் முடிவை ரெப்போவின் கால் சதவீதம் மாற்றப்போவதில்லை. ஆனால் அவர் தந்த விலை, அந்த வட்டாரத்தின் சராசரிக்குள் புகுந்து, ரூ.60 லட்சத்துக்கு வீடு தேடுபவர் படிக்கும் தலைப்புச் செய்தியாகிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை: விலையேற்றம் பற்றி அதிகம் பேசப்படும் அந்தக் குருகிராம் ரிசர்வ் வங்கியின் விரிவாக்கப்பட்ட 18 நகரப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. காசியாபாத்தும், நொய்டாவை உள்ளடக்கிய கௌதம புத்த நகர் மாவட்டமும் சேர்க்கப்பட்டுள்ளன. ஹரியாணாப் பக்கத்து விலையை அறிய ரெசிடெக்ஸைத்தான் நாட வேண்டும்.

பத்திரப் பதிவு விவரத்துக்கும் தனிக் குறை உண்டு. பத்திரத்தில் எழுதப்படும் விலையும் கைமாறும் விலையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. தில்லியில் அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு, குடியிருப்புப் பகுதிகளை 'ஏ' முதல் 'எச்' வரை எட்டு வகைகளாகப் பிரிக்கிறது. 2014இல் நிர்ணயிக்கப்பட்டபடி 'ஏ' வகையில் நிலம் சதுர மீட்டருக்கு ரூ.7.74 லட்சம், 'எச்' வகையில் ரூ.23,280. பத்தாண்டுக்கும் மேலாக இந்த மதிப்புகள் உயர்த்தப்படவில்லை, சந்தை நிற்கவில்லை. வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை விலைக்கும் இடைவெளி அகலும் இடங்களில், மீதித் தொகை கணக்கில் வராத பணமாகக் கைமாறுவது இந்திய நிலச் சந்தை நன்கறிந்த வழக்கம். அந்தப் பகுதி குறியீட்டிலும் வராது. வங்கியும் அதற்குக் கடன் தராது. வெள்ளைப் பணத்தில் மட்டுமே வாங்கக்கூடிய சம்பளக்காரருக்கு இதனால் இரட்டைச் சுமை.

வட்டி எட்டாத நகரம்

தில்லியின் பெரும் பகுதிக்கு ரெப்போ விகிதம் என்பதே ஏறக்குறைய அந்நியச் சொல். 2019இல் தொடங்கிய பிரதமரின் உதய் திட்டத்தின்கீழ் சொத்துரிமை வழங்க எடுத்துக்கொள்ளப்பட்ட அங்கீகாரமற்ற குடியிருப்புகள் 1,731. அவற்றில் வாழ்வோர் சுமார் 40 லட்சம் பேர் என அரசு கூறியது. இங்கு வீடுகள் பல்லாண்டுகளாகப் பொது அதிகார ஆவணம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகிய தாள்களின் துணையோடு கைமாறி வந்தவை. இத்தகைய பரிமாற்றம் சட்டப்படி உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்தது.

முறையான உரிமைப் பத்திரம் இல்லாத வீட்டை அடமானமாக ஏற்க வங்கிகள் தயங்குகின்றன. வாங்குபவர் உறவினரிடமும், சீட்டுப் பணத்திலும், உள்ளூர் வட்டிக்காரரிடமும் பணம் திரட்டுகிறார். அங்கு வசூலிக்கப்படும் வட்டி, மும்பையில் நிதிக் கொள்கைக் குழு கூடும் தேதியைப் பார்த்து மாறுவதில்லை. அங்கு நடக்கும் விற்பனை முறையான பதிவுக்கு வராதவரை, விலைக் குறியீட்டிலும் அது இல்லை. ஒரு நகரின் வீட்டு விலை என்று நாம் படிக்கும் எண், அந்நகரின் பத்திரம் உள்ள பகுதியின் விலை மட்டுமே.

பழைய கடனாளியின் மூன்றாண்டு

வட்டி இறங்கியதைக் கொண்டாடும் இவ்வேளையில், அது ஏறியபோது நடந்ததையும் நினைவுகூர வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போவை, 2022 மே 4 அன்று அட்டவணையில் இல்லாத கூட்டத்தில் ரிசர்வ் வங்கி 4.40 சதவீதமாக்கியது. 2023 பிப்ரவரிக்குள் அது 6.50 சதவீதத்தை எட்டியது. ஒன்பது மாதங்களில் 2.5 சதவீத உயர்வு.

2021இல் 6.75 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு ரூ.50 லட்சம் வாங்கியவரின் தவணை ரூ.38,018. வட்டி 9.25 சதவீதமானபோது, நிலுவை ஏறக்குறைய ரூ.50 லட்சமாகவே இருந்தால், வட்டிக்கு மட்டும் மாதம் ரூ.38,542 தேவை. தவணையை மாற்றாமல் காலத்தை மட்டும் நீட்டுவது என்ற வங்கிகளின் வழக்கம் இங்கே உடைகிறது. கட்டும் பணம் வட்டிக்கே போதாமல், கடன் மாதந்தோறும் வளரத் தொடங்கும். பலருக்குத் தங்கள் கடன் ஓய்வு வயதைத் தாண்டி நீண்டுவிட்டது என்பதே ஆண்டறிக்கையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இத்தகைய புகார்கள் பெருகிய பின்னரே 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி புதிய அறிவுறுத்தல் வெளியிட்டது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்ற தெரிவைக் கடனாளியிடமே விட வேண்டும் என்றும், தவணை வட்டிக்கும் போதாத நிலை வரவிடக் கூடாது என்றும் அது கூறியது.

அமெரிக்காவில் இதே காலத்தில் வட்டி இதைவிட அதிகமாக ஏறியது. ஆனால் அங்கு 30 ஆண்டு நிலையான வட்டிக் கடனே பெருவழக்கு என்பதால், பழைய கடனாளியின் தவணை அசையவில்லை. மலிவுக் கடனை இழக்க மனமின்றி அவர்கள் வீட்டை விற்காமல் இருந்ததால் சந்தையில் வீடுகள்தான் குறைந்தன. இந்தியாவில் வீட்டுக் கடன் பெரும்பாலும் மாறும் வட்டியில் அமைந்தது. வட்டி ஏற்றத்தின் சுமை புதியவரைவிடப் பழையவர் மீதே முதலில் விழுகிறது.

இறக்கத்தின்போதும் அதே விதி பழையவருக்குச் சாதகமாக இயங்க வேண்டும். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டு, குறைந்தது மூன்று மாதங்களுக்கு ஒரு முறை திருத்தப்பட வேண்டும். அந்த வகையில் இப்போதைய குறைப்பு, முந்தைய முறைகளில் நடந்ததைவிட வேகமாகவே போய்ச் சேர்கிறது. ஆனால் எல்லோருக்கும் அல்ல. எம்சிஎல்ஆர் என்ற பழைய முறையில் நீடிப்போருக்குத் திருத்தம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறையே. வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு வெளி அளவுகோல் கட்டாயமே இல்லை. அவை தாங்களே நிர்ணயிக்கும் அடிப்படை விகிதத்தைப் பின்பற்றலாம். வருமானச் சான்று குறைவாக உள்ள சிறு வணிகர்களும் சுயதொழில் செய்வோரும் பெரும்பாலும் நாடுவது இத்தகைய நிறுவனங்களையே என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ரெப்போவுடன் இணைந்த கடனிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ரெப்போ எல்லோருக்கும் ஒன்று. அதற்கு மேல் வங்கி கூட்டும் பங்கு ஒன்றல்ல. 2.75 சதவீதம் கூட்டப்பட்ட பழைய கடனாளி இன்று 8 சதவீதம் கட்டும்போது, 2.25 சதவீதம் கூட்டப்பட்ட புதியவர் 7.50 சதவீதம் கட்டுகிறார். இந்தக் கூடுதலின் சில கூறுகளை மூன்றாண்டுகளுக்கு ஒரு முறைதான் மாற்றலாம் என்றிருந்த விதியை ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 1 முதல் தளர்த்தி, வாடிக்கையாளருக்குப் பயன் தரும் வகையில் முன்கூட்டியே குறைக்க வங்கிகளை அனுமதித்தது. இது அனுமதி மட்டுமே, கட்டாயம் அல்ல. கேட்காதவருக்குக் கிடைக்க வாய்ப்புக் குறைவு. மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் இல்லை என்பதால், வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்வதாகச் சொல்லும் வாடிக்கையாளருக்குப் பேரம் பேச இடமிருக்கிறது.

வட்டி குறைந்த பின் தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்ற கேள்வியின் பண மதிப்பைப் பலர் உணர்வதில்லை. முதலில் சொன்ன ரூ.50 லட்சம் கடனாளி, வட்டி 7.50 சதவீதமான பின்பும் பழைய தவணையான ரூ.44,186ஐயே கட்டிவந்தால், 240 மாதங்களில் முடிய வேண்டிய கடன் சுமார் 197 மாதங்களில் முடிந்துவிடும். தவணையைக் குறைத்துக்கொண்டால் மொத்தம் கட்டுவது ரூ.96.7 லட்சம், குறைக்காவிட்டால் ஏறத்தாழ ரூ.87 லட்சம். வித்தியாசம் ஒன்பதரை லட்சம். மாதச் செலவு நெருக்கும் குடும்பத்துக்கு முதல் வழியே பொருந்தும், முடிந்தவருக்கு இரண்டாவது.

விலை வரம்பில் சிக்கிய சலுகைகள்

குறைந்த வருமானத்தினருக்கான சலுகைகள் எல்லாம் விலை வரம்புகளைச் சார்ந்தவை. 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் ரூ.9 லட்சம் வரை உள்ளவர்களுக்கு முதல் ரூ.8 லட்சம் கடனுக்கு 4 சதவீத வட்டி மானியம், அதிகபட்சமாக ரூ.1.80 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணைகளில் கிடைக்கும். ஆனால் வீட்டின் மதிப்பு ரூ.35 லட்சத்தையும் கடன் ரூ.25 லட்சத்தையும் தாண்டக் கூடாது. கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு 5 சதவீதத்துக்குப் பதில் 1 சதவீத ஜிஎஸ்டி என்ற சலுகைக்கு, பெருநகரங்களில் வீட்டின் பயன்பாட்டுப் பரப்பு 60 சதுர மீட்டருக்குள்ளும் விலை ரூ.45 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். இந்த வரம்பு 2019 ஏப்ரலில் வகுக்கப்பட்டது. அதன்பின் சிமெண்ட், கம்பி, கூலி, நிலம் எல்லாம் ஏறிவிட்டன, வரம்பு ஏறவில்லை. தலைநகர் வட்டாரத்தில் இந்த விலைக்குள் அடங்கும் புதிய வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதே தனி வேலை. கட்டுமான நிறுவனங்களுக்கும் அதைக் கட்டுவதில் ஆர்வம் குறைந்துவிட்டது.

வருமான வரியிலும் கணக்கு மாறியிருக்கிறது. ரூ.12 லட்சம் வரை வரி இல்லை என்ற 2025-26 பட்ஜெட் அறிவிப்புக்குப் பின் புதிய வரி முறையை நாடுவோர் பெருகினர். ஆனால் சொந்த வீட்டில் வசிப்பவர் செலுத்தும் வீட்டுக் கடன் வட்டிக்கு ரூ.2 லட்சம் வரை தரப்படும் கழிவு அம்முறையில் கிடையாது.

இந்த எல்லாக் கணக்குக்கும் வெளியே நிற்கிறார், பணம் கட்டியும் வீடு கிடைக்காதவர். நொய்டா, கிரேட்டர் நொய்டா பகுதிகளில் அம்ரபாலி, ஜேபி, யூனிடெக் திட்டங்களில் முன்பதிவு செய்த பல்லாயிரம் குடும்பங்கள் பத்தாண்டுக்கும் மேலாக ஒரு கையில் வாடகையும் மறுகையில் தவணையும் செலுத்தி வந்தன. அம்ரபாலி திட்டங்களைக் கட்டி முடிக்கும் பொறுப்பை உச்ச நீதிமன்றம் 2019 ஜூலையில் அரசு நிறுவனமான என்பிசிசியிடம் ஒப்படைத்தது. கட்டுநருக்கு வங்கி நேரடியாகப் பணத்தை விடுவித்துவிட்டு, கட்டுநர் தவணை கட்டத் தவறியதும் வாங்கியவரைத் துரத்திய திட்டங்களைப் பற்றி 2025இல் சிபிஐ விசாரணைக்கும் அந்நீதிமன்றம் வழிவகுத்தது. முடங்கிய திட்டங்களுக்காக மத்திய அரசு 2019இல் அறிவித்த ஸ்வாமி நிதியத்தின் இரண்டாம் கட்டத்துக்கு 2025-26 பட்ஜெட்டில் ரூ.15,000 கோடி அறிவிக்கப்பட்டது. இலக்கு ஒரு லட்சம் வீடுகள். இல்லாத வீட்டுக்கான தவணை ரூ.3,900 குறைவதை நிவாரணம் என்று அழைப்பது கடினம்.

வட்டி முடிவை எடுப்போரின் முன்னுள்ள பணவீக்கக் கணக்கில் வீட்டு விலை நேரடியாக இடம்பெறுவதில்லை என்பதையும் இங்கு சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போது பயன்பாட்டில் இருந்த, 2012ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் வீட்டு வசதியின் பங்கு 10.07 சதவீதமாக இருந்தது, அதுவும் வாடகையை அளந்ததே தவிர, வீட்டின் விற்பனை விலையை அல்ல. காய்கறி விலை சரிந்ததால் பணவீக்கம் 0.25 சதவீதத்துக்கு இறங்கி, அதனால் வட்டி குறைந்து, அதனால் வீட்டுக்குத் தேவை கூடி விலை ஏறினாலும், அந்த ஏற்றம் அடுத்த வட்டி முடிவுக்கான அளவுகோலில் நேரடியாகத் தெரியாது.

நிதிக் கொள்கைக் குழுவின் அதற்கடுத்த கூட்டம் 2026 பிப்ரவரி 4 முதல் 6 வரை நடைபெறத் திட்டமிடப்பட்டிருந்தது. அக்டோபர்-டிசம்பர் காலாண்டுக்கான வீட்டு விலைக் குறியீடு அதற்குப் பிறகே வெளிவர இருந்தது.